போஸ்டர் வரையும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

நீ அனுப்பிய போஸ்டரை நேற்று இரவு கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழிவுநீர்க் குழியில் இறங்கி உயிரை விட்டவர்களின் குடும்பங்களுக்காக நிற்கும் சங்கத்துக்கு, அலுவலகம் முடிந்து வந்த பிறகு கண்விழித்துச் செய்கிறாய், ஒரு காசு வாங்கவில்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் சில குறைகளையும் சொல்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டைக்குப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் இப்படித்தான் போனேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். பகலெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன். பொழுது சாய்ந்ததும் சுண்ணாம்பு, நீலப்பொடி, வஜ்ஜிரப் பசை, தூரிகை எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிராமத்துச் சுவர்களைத் தேடிப் போவேன். கல் உடைக்கும் பெண்கள்கூட அந்த நாட்களில் சைக்கிள் பழகினார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மணி அடித்துக்கொண்டு போகும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஓர் ஊரில் ‘எழுதுவோம் படிப்போம்’ என்று எழுதினேன். கடைப்பலகைக்குச் செய்வதுபோல எழுத்துக்கு நிழல் கொடுத்து, ‘ழு’வின் வாலைச் சுழித்து இழுத்திருந்தேன். அழகாக வந்திருந்தது. அறிவொளியில் சேர்ந்து இரண்டு மாதம் படித்திருந்த ஒரு பாட்டி வந்து சுவரில் விரலை வைத்தார். ‘எ’ என்றார். அடுத்த எழுத்தில் விரல் நின்றுவிட்டது. சுழிப்பின் மேலேயே இரண்டு முறை தடவிப் பார்த்தார். “எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தவறு என்னுடையது, அவர் தன் தவறென்று நினைத்துக்கொண்டார். மறுநாளே வெள்ளையடித்து, நிழலும் சுழிப்பும் இல்லாமல் எழுதினேன். முதல் நாளே ஒருங்கிணைப்பாளர் மாற்றச் சொல்லியிருந்தார். கூலி வாங்காமல் செய்கிறேன், என் வேலையில் குறை சொல்கிறாரே என்று அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. உன்னிடம் சங்கத்துக்காரர்கள் திருத்தம் கேட்டால் அப்படி இருந்துவிடாதே அம்மா.

உன் போஸ்டரில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று இருக்கிறது. அது 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்திவிட்டது. கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி உன் போஸ்டரைப் பார்த்துவிட்டு பத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? இதை மட்டும் இன்றே மாற்றிவிடு. கையால் மலம் அள்ளவைப்பதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரை அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய். அதை மேலே கொண்டு வா. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைக் குழிக்குள் இறக்குவது குற்றம், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதை இறங்கச் சொல்கிறவனும் படிக்க வேண்டும்.

கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து கணினியில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சங்கத்துக்காரர்கள் இதை ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஒட்டுவார்கள். ஜெராக்ஸில் எல்லாம் ஒரே கரியாகப் போய்விடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக ஒன்று தனியாகச் செய்து கொடு. அழுகிற பெண்ணின் முகத்தைப் பெரிதாக வைத்திருக்கிறாயே, அவரிடம் கேட்டுத்தான் வைத்தாயா? கேட்காமல் வைத்திருந்தால் எடுத்துவிடு. அந்த இடத்தில் சங்கத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடு.

முடித்த பிறகு படத்தை மட்டும் அனுப்பாமல், திருத்தக்கூடிய கோப்பையும் அவர்களிடமே கொடுத்துவிடு. நாளைக்குத் தொகை மாறினால் உன்னைத் தேடி அலையாமல் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும்.

திருத்தியதும் எனக்கும் அனுப்பு. கடைவீதியில் நகலெடுத்து நம் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவில் நின்று படித்துப் பார்க்கிறேன். எந்த எழுத்து தெரியவில்லை என்று எழுதுகிறேன். ராத்திரி வேலை செய்கிறாய், வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா