387-ஆம் பக்கத்தில் நின்றுபோகும் பிடிஎஃப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். எந்த போன் வாங்கலாம், எந்த ஆப் ஆபத்து என்றெல்லாம் உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வருகிறவர்களின் தலைவலியைப் பற்றி ஒரு வரிகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், படங்களைப் பற்றிச் சொல்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய முனைவர் பட்ட மாணவர்கள். இன்னொன்று, பள்ளி நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர் என்று விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஃபைலோடு வருகிற விழாக் குழுக்காரர்கள். இரண்டு பேரும் சொல்வது ஒரே வசனம்தான்: “ஃபைல் ரொம்பப் பெரிசு சார், அதான் பிடிஎஃப் ஆக மாட்டேங்குது.”

பெரிசு என்பதால் மட்டும் பிடிஎஃப் வராமல் போவது மிக அபூர்வம். பிடிஎஃப் என்ற வடிவம் 1993-இல் வந்தது. அதன் பழைய அமைப்பிலேயே, ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் பத்து இலக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அதாவது கிட்டத்தட்ட 10 ஜிபி வரை தாங்கும். நம் ஊர் மலர் எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வேர்டுக்கு ஓர் எல்லை உண்டு, ஃபைல் மொத்தம் 512 எம்பி, அதில் வெறும் எழுத்து மட்டும் 32 எம்பி. ஆனால் படம் இல்லாத 600 பக்க ஆய்வேடு சில எம்பிக்குள் அடங்கிவிடும். அப்படியென்றால் எங்கேதான் மாட்டுகிறது?

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர், 412 பக்கம், ஆசிரியர்களே ஆளுக்குக் கொஞ்சமாக வேர்டில் அடித்து ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். பிடிஎஃப் போட்டால் பாதியில் நின்று ‘எதிர்பாராத பிழை காரணமாக ஏற்றுமதி தோல்வி’ என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். என்ன பிழை, எந்தப் பக்கம், எதுவும் சொல்லாது. கூட வந்த தமிழாசிரியர், கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, வேர்டை அழித்துத் திரும்பப் போட்டும் பார்த்தாகிவிட்டது, இனி 412 பக்கத்தையும் புதிதாக அடிப்பதுதான் பாக்கி என்றார்.

முதலில் நான் எப்போதும் பார்ப்பது, அதே பெயரில் பழைய பிடிஎஃப் எங்காவது திறந்திருக்கிறதா என்று. சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும். நேற்று போட்ட பிடிஎஃப்பை ரீடரில் திறந்து வைத்துக்கொண்டே இன்று அதே பெயரில் மறுபடி போட்டால், திறந்திருக்கும் ஃபைலின் மேல் எழுத விண்டோஸ் விடாது. அடுத்தது, சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பது. பிடிஎஃப்பை டி டிரைவில் சேமித்தாலும், போடும்போது தற்காலிக ஃபைல்கள் சி டிரைவில்தான் விழும். நேராகப் பென் டிரைவுக்கோ, இணையத்தோடு ஒத்திசைந்துகொண்டே இருக்கும் ஃபோல்டருக்கோ போடக் கூடாது. முதலில் டெஸ்க்டாப்பில் ‘மலர்1’ என்று குட்டிப் பெயராக வைத்துப் போட்டுவிட்டு அப்புறம் காப்பி செய்துகொள்ள வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், ‘நூற்றாண்டு மலர் இறுதி வடிவம் திருத்தியது புதியது 3’ என்று பெயரும் வைத்தால், முழு முகவரியும் சேர்ந்து விண்டோஸின் பழைய எல்லையான 260 எழுத்தைத் தாண்டிப்போகிற ஆபத்தும் உண்டு.

இந்த மலரில் அதெல்லாம் சரியாக இருந்தது. அதனால் பாதியாக வெட்டும் வேலையில் இறங்கினேன். பிடிஎஃப் போடும்போது வரும் பெட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அதில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று கொடுக்கலாம். 1 முதல் 206 வரை கொடுத்தேன், வந்தது. கோளாறு பின்பாதியில். 207 முதல் 309 வரை, அதுவும் வந்தது. 310 முதல் 361 வரையும் வந்துவிட்டது. 362 முதல் 387 வரை கொடுத்தபோது நின்றது. இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் எட்டாவது தடவையில் ஆள் அகப்பட்டுவிட்டான்: 387-ஆம் பக்கம். ஒவ்வொரு பக்கமாக முதலிலிருந்து போட்டுப் பார்த்திருந்தால் விடிந்திருக்கும்.

அந்தப் பக்கத்தில் 1962-ஆம் வருஷத்து குரூப் போட்டோ ஒன்று. பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத்தான் தெரிந்தது. ஆனால் யாரோ அதை, பழைய படம் ஆயிற்றே, தெளிவாக இருக்கட்டும் என்று, ஏ4 அளவுக்கு 1200 டிபிஐயில் (அதாவது ஓர் அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம்) கலரில் ஸ்கேன் செய்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலத்தில் சுமார் 9,900 புள்ளி, உயரத்தில் சுமார் 14,000 புள்ளி, பெருக்கினால் ஏறக்குறைய 14 கோடி. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 400 எம்பிக்கு மேல் வருகிறது. ஜேபெக்காக இருக்கும்போது வட்டில் சின்னதாகச் சுருண்டு கிடக்கும், பிடிஎஃப் போடும்போது மெமரியில் முழுசாக விரிந்துதான் ஆக வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்துப் படத்தைச் சின்னதாக்கினால் உள்ளே இருக்கும் ஒரு புள்ளிகூடக் குறையாது. கிராப் செய்தாலும் அப்படியே, வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் ஃபைலிலேயே உட்கார்ந்திருக்கும்.

போனில் எடுத்த படங்களுக்கும் இதே கதைதான். 12 மெகாபிக்சல் படம் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் அசலாக எடுத்து வைத்தால் 3, 4 எம்பி என்று காட்டும், விரிந்தால் 36 எம்பி. அறுபது படம் என்றால் 2 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விரிப்பதில்லை என்றாலும், பழைய 32-பிட் வேர்டுக்கு 2 ஜிபிதான் கூரை என்பதால், சிஸ்டத்தில் 16 ஜிபி ராம் போட்டு வைத்திருந்தாலும் அதற்கு மேல் அதனால் தொட முடியாது. உங்களுடையது 32-ஆ 64-ஆ என்பது ஃபைல், அக்கவுன்ட், அபவுட் வேர்டு என்று போனால் முதல் வரியிலேயே இருக்கும்.

மருந்து ரொம்ப எளிது. படத்தின் மேல் கிளிக் செய்தால் மேலே ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ வரும். ‘இந்தப் படத்துக்கு மட்டும்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு, வெட்டிய பகுதிகளை நீக்கு என்பதை வைத்து, 220 பிபிஐ (இதுவும் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்குதான்) கொடுத்தால் முழு ஃபைலும் இளைத்துவிடும். அசலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஒருமுறை குறைத்துச் சேமித்தால் திரும்ப வராது. இந்த மலரில் யாரோ தரம் கெடக் கூடாது என்று ‘படங்களைச் சுருக்காதே’ என்கிற டிக்கையும் போட்டு வைத்திருந்தார்கள், அதையும் எடுத்துவிட்டேன். லிப்ரே ஆபீஸில் இந்த வேலை பிடிஎஃப் போடும் பெட்டியிலேயே இருக்கிறது, படங்களை 300 டிபிஐக்குக் குறை என்று ஒரு டிக், அவ்வளவுதான்.

இன்னொன்று. முன்பாதியும் வருகிறது, பின்பாதியும் வருகிறது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் நின்றுபோகிறது என்றால் எந்த ஒரு பக்கத்தின் மீதும் குற்றம் இல்லை, மெமரி போதவில்லை என்று அர்த்தம். அப்போது நூறு நூறு பக்கமாகப் போட்டு, பிடிஎஃப்சாம் போன்ற இலவச மென்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம். சிஸ்டத்திலேயே ஓடுகிற மென்பொருளாகப் பாருங்கள். வழியில் தெரியும் ஏதோ ஓர் இணையதளத்தில் ஆய்வேட்டையும் அதோடு ஆதார் நகலையும் ஏற்றி ‘சுருக்கிக் கொடு’ என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிடிஎஃப் வராமல் போவதைவிட மோசம், தப்பாக வந்து யாரும் கவனிக்காமல் போவது. ஒரு ஆய்வு மாணவி ஐந்து பிரதி பைண்டிங் செய்து, தங்க எழுத்து அடித்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் பொருளடக்கத்தைத் திருப்பினார். பாதி வரிகளில் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எரர்! புக்மார்க் நாட் டிஃபைன்ட்’ என்று இருந்தது. பாவம், அழுதுவிட்டார். தலைப்புகளை நீக்கியும் மாற்றியும் வைத்துவிட்டுப் பொருளடக்கத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், கடைசியில் பக்க எண் புதுப்பிக்கப்படும்போது அந்தத் தலைப்பு எங்கே என்று தேடிக் கிடைக்காமல் இப்படி எழுதி வைத்துவிடும். பிடிஎஃப் போடுவதற்கு முன் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அடியுங்கள், கேட்டால் முழு அட்டவணையையும் புதுப்பி என்று சொல்லுங்கள், அப்புறம் ‘எரர்’ என்று தேடிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

எழுத்துரு விஷயத்தைச் சொல்லாமல் தமிழில் பிடிஎஃப் பற்றிப் பேச முடியாது. 2010-லேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்று ஆணை போட்டுவிட்டது, இருந்தும் இன்றைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 500 பக்கம் வருகிறது. பேப்பரில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த பிடிஎஃப்பில் ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியதுதான் பாமினி, உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். கருத்துத் திருட்டு சோதிக்கும் மென்பொருளுக்கும் அதுதான் தெரியும். எழுத்துரு பிடிஎஃப்புக்குள் பதியாமல் போனால் அடுத்த கம்ப்யூட்டரில் தமிழே போய்விடும். ரீடரில் பிராப்பர்ட்டீஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ (உள்ளே பதிந்தது) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பிரின்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்குவதைவிட ‘சேவ் அஸ்’ வழியாகப் போடுங்கள், பிரின்ட் வழியில் போனால் புக்மார்க்கும் இணைப்புகளும் காணாமல் போகும்.

ஃபைலே பழுதாகிவிட்டது என்று தோன்றினால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. கடைசியில் இருக்கும் பத்திக்குறியை (¶) மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் காப்பி செய்து புது ஃபைலில் ஒட்டுவது. ஆவணத்தின் பல அமைப்புகள் அந்தக் கடைசிக் குறியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், பழுதும் பல சமயம் அங்கேதான் இருக்கும். எனக்கு இது நிறையத் தடவை கைகொடுத்திருக்கிறது, சில தடவை கைவிட்டும் இருக்கிறது.

கடைசியாக, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வார்த்தை, அதற்காகத்தான் உங்களுக்கே எழுதினேன். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் ஆய்வேடுகள் ஒரே மூட்டையாக இருப்பதில்லை. தலைப்புப் பக்கம், சான்றிதழ், முன்னுரை, ஒவ்வொரு இயல் என்று தனித்தனி பிடிஎஃப்பாகத்தான் கிடைக்கின்றன. தேசிய அளவில் அப்படி வைத்திருக்கும்போது, என் கடைக்கு வந்த மாணவர்கள் சிலரிடம் முழு ஆய்வேட்டையும் ஒரே ஃபைலாக, அதுவும் சின்ன அளவுக்குள், ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவு என்ன என்பதும் முதலில் எங்கும் இல்லை. ஏற்றி, அரைமணி நேரம் சக்கரம் சுற்றி, நிராகரிக்கப்பட்ட பிறகுதான் திரையில் சிவப்பாக வருகிறது. சமர்ப்பிப்புக்கான அறிவிப்பிலேயே, கட்டணம் எவ்வளவு என்று போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஃபைல் எத்தனை எம்பி வரை இருக்கலாம், சான்றிதழை எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று இரண்டு வரி போட்டால் போதும். கையெழுத்துப் பக்கத்தை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் விரிந்த நிலையில் 100 எம்பி, அதையே 200 டிபிஐ கறுப்பு வெள்ளைச் சாயலில் எடுத்தால் 4 எம்பிகூட இல்லை. மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

அந்த 1962 படத்தை 300 டிபிஐக்குக் குறைத்து வைத்தேன், ராத்திரி பதினொன்றே காலுக்கு 412 பக்கமும் ஒரே மூச்சில் வந்தது. தமிழாசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல்.