அடுக்குமாடியில் இருப்பவர்களின் டீசல் காருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலக் கார் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். நல்ல குறிப்புகள்தான். ஆனால் டீசல் கார் என்று வந்ததும் "இரவில் பிளாக் ஹீட்டரைச் செருகி வையுங்கள், முடிந்தால் மூடிய கராஜில் நிறுத்துங்கள்" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். பிளாக் ஹீட்டர் என்பது மின்சாரத்தில் என்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டர். தனி வீடும் கராஜும் சுவரில் பிளக் பாயிண்டும் வைத்திருப்பவர்களுக்கு அது போதும். நான்காவது மாடியில் குடியிருந்துகொண்டு, கீழே திறந்தவெளியில் கோடு போட்ட இடத்தில் காரை நிறுத்துகிற எங்களைப் போன்றவர்கள் எங்கே போய்ச் செருகுவது? கடும் குளிர் உள்ள ஊர்களில் இப்படி வாழ்கிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் காரில் தீப்பொறி போட ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் என்ஜினில் அது கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தி, அந்த அழுத்தத்தில் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடும், டீசல் சரியாகப் பற்றாது. இதற்காகத்தான் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் என்ற சிறு மின் கருவியை வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் வடிவத்தில் ஒரு விளக்கு எரியுமே, அது அணைகிறவரை பொறுத்திருந்துதான் செல்ஃப் போட வேண்டும், கடும் குளிரில் ஒரு முறைக்கு இரண்டு முறை அப்படிச் செய்வது நல்லது. நான்கு குளோ பிளக்கில் ஒன்றிரண்டு போய்விட்டிருந்தால் கோடைக்காலத்தில் தெரியவே தெரியாது. முதல் கடும் குளிரில்தான் வண்டி உதறிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு அதைச் சொல்லும். எனவே குளிருக்கு முன்பே மெக்கானிக்கிடம் சொல்லி அவற்றைச் சோதித்துவிட வேண்டும்.

காரைச் சூடாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் டீசல் கார் கிளம்பாததற்குக் காரணம் ஒன்றல்ல, அதில் பாதிக்குச் சூடே தேவையில்லை, பிளக் பாயிண்டும் தேவையில்லை. அடுக்குமாடிக்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18 டிகிரி அளவில் சாதாரண ஈய அமில பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கும். டீசல் என்ஜினுக்கு எப்போதுமே பெட்ரோல் என்ஜினைவிட வலுவான செல்ஃப் தேவை. நான்கைந்து வருடமான பேட்டரி என்றால் குளிருக்கு முன்பே கடையில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். டவுன் ஆன பேட்டரியைக் கடும் குளிரில் அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் திரவம் உறைந்து பெட்டியே விரிசல் விட்டுவிடும், நல்ல சார்ஜில் உள்ளது அவ்வளவு சீக்கிரம் உறையாது. கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் அதை டிக்கியில் போட்டு வைக்காமல் வீட்டுக்குள் வைத்திருங்கள். வண்டியோடு சேர்ந்து அதுவும் குளிர்ந்து கிடந்தால் தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

ஆயில் விஷயம் சுருக்கமானது. டப்பாவில் 5டபிள்யூ, 0டபிள்யூ என்று போட்டிருக்கும் முதல் எண்தான் குளிருக்கானது. செல்ஃப் போட்டால் என்ஜின் சுழலும் அளவுக்கு ஆயில் இளகி இருக்கிறதா என்று 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30லும், 0டபிள்யூவை மைனஸ் 35லும் சோதிப்பார்கள். உங்கள் வண்டிக்கான கையேட்டில் அனுமதித்திருக்கும் வகைகளில் முதல் எண் குறைவானதை ஊற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டீசலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் நடுவழியில் நிற்பது இதனால்தான். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது சிறு படிகங்களாகப் பிரிந்து முதலில் டீசல் கலங்கலாகும், அப்புறம் அந்தப் படிகங்கள் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். வண்டி கிளம்பிவிடும், ஃபில்டரைத் தாண்டி என்ஜின் பக்கம் இருக்கும் கொஞ்சம் டீசலில் சில நிமிடம் ஓடவும் செய்யும், பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். பம்ப் போய்விட்டது என்று நினைத்துப் பெரிய செலவுக்குத் தயாராகிறவர்கள் உண்டு. இதனால்தான் குளிர் நாடுகளில் எண்ணெய் நிறுவனங்கள் பருவத்துக்கு ஏற்ப டீசலை மாற்றி விற்கின்றன. ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் மிகக் கடும் குளிருக்கான டீசலுக்கு மட்டும் 0 முதல் 4 வரை ஐந்து வகுப்புகள் இருக்கின்றன. 0 வகுப்பு மைனஸ் 20 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் போக வேண்டும், 4 வகுப்பு மைனஸ் 44 வரை.

அடுக்குமாடிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். வார நாட்களில் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வந்து, விடுமுறைக்கு மட்டும் காரை எடுப்பவர்கள் நம்மில் நிறைய. இலையுதிர் காலத்தில் நிரப்பிய டீசல் முதல் உறைபனி வரும்போதும் அப்படியே டேங்கில் கிடக்கும். பங்கில் குளிர்கால டீசல் வந்துவிட்டது, உங்கள் டேங்கில் வரவில்லை. வெதுவெதுப்பான ஊரில் நிரப்பிக்கொண்டு மலைப் பகுதிக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். குளிர் நெருங்கும்போது பழைய டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், போகிற ஊர் இன்னும் குளிரானது என்றால் அங்கே போய்ச் சேர்ந்ததும் நிரப்ப டேங்கில் இடம் விட்டுவையுங்கள். மெழுகு கட்டாமல் இருக்க விற்கும் சேர்மானத்தைக் குளிர் வருவதற்கு முன்பே, டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கட்டிய பிறகு ஊற்றினால் பெரிய பயன் இல்லை, ஏற்கெனவே உருவான படிகத்தை அது கரைக்காது. ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் முன்கூட்டியே வடித்துவிடுங்கள், அது பனிக்கட்டியானால் மெழுகு இல்லாமலே அடைக்கும்.

டீசலோடு கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் உறையாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து என்ஜின்களுக்கு அது சரி, சில கையேடுகளிலேயே எழுதியிருந்தார்கள். மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் இப்போதைய காமன் ரெயில் என்ஜின்களில் பம்புக்கு வழுவழுப்பு தருவதே டீசல்தான். பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும், பம்ப் தேய்ந்து அதன் துகள், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் வரை போகும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் மைனஸ் 15 வரை நல்ல நிலையில் உள்ள டீசல் கார் பெரும்பாலும் ஹீட்டர் இல்லாமலே கிளம்பிவிடும். அதற்கும் கீழே போனால்தான் சூடு வேண்டும், அங்கே ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்.

அதில் மோசமானது, காலையில் என்ஜினைப் போட்டுவிட்டு மேலே வந்து காபி குடிப்பது. நின்ற இடத்தில் ஓடும் டீசல் என்ஜின் சீக்கிரம் சூடாகாது, அதன் சிக்கனமே இந்த இடத்தில் எதிரியாகிவிடுகிறது. குறைந்த வேகத்தில் டீசல் முழுதாக எரியாமல் கரி சேர்ந்து, புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி அடைக்கிறது, எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது. அந்த நேரம் முழுக்கப் புகை எங்கே போகிறது? முதல் மாடியில் தூங்கும் குழந்தையின் ஜன்னலுக்குள். எங்கள் குடியிருப்பில் தினமும் இது நடக்கிறது, சொல்லிப் பார்த்தும் கேட்பாரில்லை. ஜெர்மனியில் காரணமில்லாமல் என்ஜினை ஓடவிடுவதைப் போக்குவரத்துச் சட்டமே தடுக்கிறது. என்ஜின் கிளம்பியதும் கண்ணாடியில் உள்ள பனியைச் சுரண்டி முடிக்கும் நேரம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் வண்டிக்கும் நல்லது. மூடிய பார்க்கிங்கிலோ நிலத்தடிப் பார்க்கிங்கிலோ இப்படி ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை.

அடுத்தது பால்கனியிலிருந்து ஒயர் விடுவது. மூன்றாவது மாடியிலிருந்து வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு, நடைபாதைக்குக் குறுக்கே பனியில் புதைத்துக் காருக்குக் கொண்டுபோகிறார்கள். கார்களுக்கான பிளாக் ஹீட்டர் சுமார் 400 முதல் 1000 வாட் வரை இழுக்கும். மெல்லிய ஒயர், அதுவும் சுருட்டி வைத்த ஒயர், அவ்வளவு நேரம் தாங்காது, சூடேறி உருகும். ஈரத்தில் இணைப்பு திறந்து கிடக்கும், யாராவது தடுக்கி விழுவார்கள். இதை நான் ஆதரிக்கவே மாட்டேன், ஆனால் அப்படிச் செய்கிறவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. காலையில் வேலைக்குப் போயாக வேண்டுமே, அவருக்கு வேறு வழியை யார் கொடுத்தார்கள்?

பிளக் பாயிண்டே இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டீசலிலேயே எரியும் பார்க்கிங் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. காரின் டேங்கிலிருந்தே டீசல் எடுத்து எரித்து, என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் திரவத்தைச் சூடாக்கி என்ஜினுக்குள் சுற்றவிடும். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் அரை லிட்டர் சொச்சம்தான் செலவு. பலருக்குத் தெரியாத ஒன்று, குளிர் நாடுகளுக்கான சில டீசல் கார்களில் தொழிற்சாலையிலேயே இதன் சிறு வடிவம் துணை ஹீட்டராகப் பொருத்தப்பட்டிருக்கும், ஆனால் என்ஜின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும்படி. அதற்கு டைமரோ ரிமோட்டோ சேர்த்து முழுப் பார்க்கிங் ஹீட்டராக மாற்ற முடிகிற மாடல்கள் உண்டு, புதிதாக வாங்கும் முன் அதை விசாரியுங்கள். பேட்டரியில்தான் அதன் விசிறியும் பம்பும் ஓடுகின்றன, எனவே ஹீட்டர் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு நேரமாவது வண்டியை ஓட்ட வேண்டும். இதற்கும் சொந்தப் புகைக்குழாய் உண்டு, நிலத்தடிப் பார்க்கிங்கில் போடக் கூடாது.

பானெட் மேல் போர்வை போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டிவிட்டு வந்த சூடு சில மணி நேரம் கூடுதலாகத் தங்கும், விடியும்வரை தங்காது. வேறு சூடு இல்லாமல் போர்வை மட்டும் எதையும் சூடாக்காது. காற்று வீசினால் வண்டி சீக்கிரம் குளிரும், ஆனால் வெளியில் உள்ள வெப்பநிலைக்குக் கீழே போகாது, ஆகவே செய்தியில் சொல்லும் "உணரப்படும் குளிர்" காருக்குப் பொருந்தாது. மிகக் கடும் குளிர் என்று அறிவிப்பு வரும் ஓரிரு இரவுகளுக்கு நிலத்தடிப் பொதுப் பார்க்கிங்கில் பணம் கட்டி நிறுத்திவிடுவது இதையெல்லாம்விட மேல். ஏற்கெனவே மெழுகு கட்டி நின்றுபோன வண்டியையும் அப்படி ஓர் இடத்துக்கு இழுத்துப்போய் விட்டால் தானாகவே இளகும்.

இனி என் முக்கியமான கோரிக்கை. பிளாக் ஹீட்டர் புதுப் பொருள் இல்லை. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் அதற்கு 1949இல் காப்புரிமை பெற்றுவிட்டார். பின்லாந்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் வரிசையாக ஹீட்டர் கம்பங்கள் நிற்கின்றன, ஒவ்வோர் இடத்துக்கும் டைமரோடு. கனடாவின் சமவெளி மாகாணங்களிலும் குடியிருப்புப் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் சாதாரணம். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை? அசோசியேஷனில் கேட்டால் மின் கட்டணம் என்கிறார்கள். இரவு முழுக்க ஓட வேண்டிய தேவையே இல்லை, கிளம்பும் முன் இரண்டு மூன்று மணி நேரம் போதும். 500 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். டைமரும் தனி மீட்டரும் வைத்துவிட்டால் யார் செலவை யார் கட்டுவது என்ற சண்டையும் இல்லை.

இப்போது நிறையக் குடியிருப்புகளில் மின்சாரக் கார் சார்ஜருக்காகப் பார்க்கிங்கில் பள்ளம் தோண்டிக் கேபிள் போடுகிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். அதே பள்ளத்தில், அதே கேபிள் வேலையோடு சேர்த்து, எர்த்தும் டைமரும் உள்ள சாதாரண பிளக் பாயிண்டையும் ஒவ்வோர் இடத்துக்கும் கொடுத்துவிடலாம். தரையை மூடிய பிறகு கேட்டால் மறுபடி தோண்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். டீசல் கார் வைத்திருப்பவர்கள் தனித்தனியாகப் போய்க் கேட்காமல், நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கேபிள் வேலைக்கான கூட்டம் நடப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரையும் கையெழுத்துப் போடவையுங்கள், ஓட்டு அவரிடம்தான் இருக்கிறது.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் குறிப்புகளை நடுக்குளிரில் போடாமல் இலையுதிர் காலத்திலேயே போடுங்கள். டீசலை மாற்றுவதும் சேர்மானம் ஊற்றுவதும் பேட்டரி பார்ப்பதும் அசோசியேஷனில் மனுக் கொடுப்பதும் அப்போது செய்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
அடுக்குமாடியில் வசிக்கும் டீசல் கார் வாசகர்