ஆப்கன் பிரசவங்கள்: மருந்து போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆப்கானிஸ்தானில் மருத்துவச்சி, செவிலியர் படிப்புகளுக்குப் பெண்கள் இனி வர வேண்டாம் என்று 2024 டிசம்பரில் தாலிபான் உத்தரவிட்டது. நம் பத்திரிகைகளில் இது பெண் கல்விச் செய்தியாக வந்து மறைந்துவிட்டது. பிரசவ அறையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதன் கணக்கு வேறு.

2002-இல் அங்கு நடந்த ஆய்வில், ஒரு லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 1,600 தாய்மார் இறப்பது தெரியவந்தது. படக்‌ஷான் மாகாணத்தின் ராக் மாவட்டத்தில் அது 6,500. 2020-ஆம் ஆண்டுக்கு ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு 620. இரண்டும் வெவ்வேறு முறைகளில் எடுத்தவை என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கக் கூடாது. ஆனாலும் சாவு குறைந்தது உண்மை. அதுவும் போர் ஓயாத ஆண்டுகளில். உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பிய சமூக மருத்துவச்சித் திட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இப்போது சிலர், ‘மருத்துவச்சி இல்லையென்றால் என்ன, மாத்திரை அனுப்பலாமே’ என்கிறார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் இரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத ஊரில் அது கெட்டுவிடும். கெட்ட மருந்தும் பார்வைக்கு அதே தெளிந்த நீர்தான். இதே வேலையைச் செய்யும் மிசோபிரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர் தேவையில்லை. 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்றை விழுங்கினால் போதும். வீட்டுப் பிரசவங்களுக்கு இதை முன்கூட்டியே கொடுத்துவைக்கும் முறை ஆப்கன் கிராமங்களிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் குழந்தை வெளியே வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இன்னொன்று இல்லை என்று தெரிந்த பிறகே அந்த மூன்றையும் விழுங்க வேண்டும். வலி சீக்கிரம் வரட்டும் என்று முன்னாலேயே கொடுத்தால் கருப்பை கிழிந்துவிடலாம். பட்டையிலிருந்து பிரித்து உதிரியாக வைத்த மாத்திரை ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் இரத்தம் நிற்காத பெண்கள் இருப்பார்கள். கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பது, மூன்று மணி நேரத்துக்குள், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமை நரம்பில் பத்து நிமிடம் மெதுவாக ஏற்றுவது: இவற்றை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவது?

பேறுகால வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட் இன்னும் நல்ல உதாரணம். மலிவான மருந்து, குளிர்பெட்டி வேண்டாம். நரம்பில் 4 கிராம், பிறகு இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம், மொத்தம் 14 கிராம் முதல் தவணை. குப்பியில் வருவது பெரும்பாலும் 50 சதவீதக் கரைசல். அதை நீர்க்கச் செய்யாமல் வேகமாக நரம்பில் செலுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் கொடுக்குமுன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் அசைகிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா, நான்கு மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் போயிருக்கிறதா. மருந்து அளவு மீறினால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பயிற்சி போதாதவர்கள் இந்த மருந்தைத் தப்பாகக் கொடுப்பதைவிட, பயந்துபோய்க் கொடுக்காமலே விடுவதுதான் அதிகம்.

குழந்தைக்கும் இதே கதைதான். பிறந்து மூச்சு விடாத சிசுவைத் துடைத்து, முதுகைத் தடவி, அதற்கும் அசையாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் கையால் அழுத்தும் காற்றுப் பையும் முகமூடியும் கொண்டு மூச்சுக் கொடுக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் அளவு முகமூடி, நிமிடத்துக்குச் சுமார் 40 அழுத்தம். முகமூடி ஓரத்தில் காற்று கசிந்தாலோ கழுத்து அதிகமாகப் பின்னால் சாய்ந்தாலோ நெஞ்சு எழும்பாது. மாதம் ஒருமுறையாவது பொம்மையில் பழகாத கை இதை மறந்துவிடும்.

தடையை நாளைக்கே விலக்கினாலும் நிலைமை சீராகாது. 2021-லிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருந்தால்தானே இரண்டாண்டு மருத்துவச்சிப் படிப்புக்கு ஆள் கிடைக்கும்? இருப்பவர்களும் 72 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய உறவினர் ஆண் ஒருவர் கூட வர வேண்டும். 2025-இல் அமெரிக்க நிதி நின்றதும் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் மூடப்பட்டன. பல இடங்களில் ஆண் மருத்துவரிடம் பிரசவம் பார்ப்பதை வழக்கமும் விதியும் அனுமதிப்பதில்லை என்பதால், மாற்று ஏற்பாடு என்று ஒன்றும் கிடையாது.

ஆகவே உதவி செய்யும் அமைப்புகள், இப்போது வேலையில் இருக்கும் மருத்துவச்சிகளின் சம்பளத்தை முதல் செலவாக வைக்க வேண்டும். துணைக்கு வரும் ஆணின் பயணச் செலவையும் அதிலேயே சேர்க்கலாம். சங்கடமான செலவுதான், ஆனால் அது இல்லாமல் அந்தப் பெண் பணியிடத்துக்குப் போக முடியாது. மறுபயிற்சியைப் பணியிடத்திலேயே நடத்த வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இந்த உதவிகளைப் பற்றி எழுதும்போது, எத்தனை டன் மருந்து போனது என்பதோடு, எத்தனை பிரசவ அறைகளில் இரவுப் பணிக்கு மருத்துவச்சி இருக்கிறார் என்றும் விசாரித்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியப் பணியில் உள்ள வாசகர்கள்