ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கும் மகனுக்கு

பாளையங்கோட்டை,
டிசம்பர் 4

பிரியமுள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உன் சுகமும் மருமகள் சுகமும் சின்னவன் சுகமும் அறிய ஆவல். போனில் நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சின்னவனுக்குக் காதை மூடுகிற குல்லா போடுங்கள். வீடியோவில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவன் காட்டினானே, கிறிஸ்மஸ் வரைக்கும் நாளுக்கு ஒன்றாகத் திறக்கிற 24 கதவு வைத்த அட்டை, அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று வயதுப் பிள்ளை, நாளைய கதவைத் தொடாமல் காத்திருக்கிறான். உனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. கடைசிக் கதவுக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன். பெரிய சாக்லேட் என்றான். அன்றைக்கு யார் வருவார் என்று கேட்டேன். தாடி வைத்த தாத்தா என்றான். வேறு யாரும் வரமாட்டார்களா என்றேன். அவன் பதில் தெரியாமல் உன்னைத் திரும்பிப் பார்த்தான். நீ போனைத் திருப்பி மரத்தைக் காட்டினாய்.

மரம் அழகாக இருந்தது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக அந்தப் பிள்ளை உன்னைத் திரும்பிப் பார்த்ததுதான் கண்ணில் நிற்கிறது. அப்பா "விடு" என்கிறார். அவர் எதையும் விடுவார்.

பெரியப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ ஒன்றும் கேட்டுக்கொள்ளாதே. அத்தை முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கம்பு இல்லாமல் நடக்கிறார்கள். மழை விட்டதும் மாடியில் ஸ்டார் கட்டியாகிவிட்டது. மூங்கில் குச்சியில் அப்பாவே செய்தது.

பதினேழு வயதில் நீ என்னோடு சண்டை போட்டாயே, டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று. பதில் தெரியாமல் வாயை மூடச் சொன்னேன். இப்போது நம் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். நீ சொன்னது சரிதான். வேதத்தில் தேதி இல்லை. அந்த நாளைக் கொண்டாடியதற்குக் கிடைத்திருக்கும் பழைய சான்று ரோமாபுரியில் 336-ஆம் வருஷத்ததாம். ஆர்மீனியச் சபையார் இன்றைக்கும் ஜனவரி 6-இல்தான் வைக்கிறார்களாம். இதை அப்போதே கேட்டுவந்து உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தேதி எதுவானால் என்ன ஐயா, பிறந்தவர் பிறந்தவர்தானே.

தாடித் தாத்தாவையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிக்கொலாஸ் என்பவர் நாலாம் நூற்றாண்டில், இப்போது துருக்கியில் இருக்கிற மீராவில் பிஷப்பாக இருந்தவர். ஏழை வீட்டு மூன்று பெண்களின் கலியாணத்துக்காக ராத்திரியில் பண முடிப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். நாளை மறுநாள் 6-ஆம் தேதி அவருடைய நாள். முந்தின ராத்திரி அங்கே பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வைப்பார்கள் என்று நீதானே சொன்னாய். அடுத்த வருஷம் பூட்ஸில் மிட்டாய் போடும்போது அவர் யாரை நினைத்து அப்படிச் செய்தார் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லேன். ஒரு வரி போதும்.

போன வருஷம் நீ அனுப்பின ஸ்டோலன் என்கிற கிறிஸ்மஸ் ரொட்டியை நான் கேக் என்று நினைத்துத் துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். ஐயரம்மாதான் சொன்னார்கள், அந்த நீள வடிவமும் மேலே வெள்ளையாகத் தூவின சர்க்கரையும் துணியில் சுற்றின குழந்தையாம். "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் ஊரில் 1434-இலிருந்து நடக்கிற கிறிஸ்மஸ் சந்தைக்கே அந்தப் பலகாரத்தின் பழைய பேர்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். துணி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. உள்ளே யார் என்று சின்னவனுக்கு யார் சொல்வார்கள்?

அதே பார்சலில் வந்த மசாலா பிஸ்கட் டப்பாவைப் பார்த்து ஐயர் எழுந்தே நின்றுவிட்டார். அதில் புல்ஸ்நிட்ஸ் என்று போட்டிருந்தது. மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1682-இல் பிறந்த ஊர் அது. உன் வீட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தானாமே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். முப்பத்தாறு வயதில் போய்விட்டார். அங்கிருந்து சுவிசேஷத்தைக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தார்கள். நம் ஊசிக்கோபுரக் கோயிலை 1826-இல் கட்டின ரேனியஸ் ஐயரும் ஜெர்மன்காரர்தான், பிரஷ்யா தேசத்தார். அந்தக் கோயிலில் வளர்ந்த பிள்ளை நீ. இத்தனை பக்கத்தில் இருக்கிறாய். ஒரு தடவை புல்ஸ்நிட்ஸுக்குப் போய்வா. சின்னவனையும் கூட்டிக்கொண்டு போ. குல்லா போட்டுக் கூட்டிப்போ.

யுத்தத்தில் இடிந்து, அறுபது வருஷம் கழித்து 2005-இல் மறுபடி திறந்தார்களே, அந்தப் பெரிய கோயிலின் படமும் அனுப்பியிருந்தாய். வெளியே நின்று எடுத்த படம். உள்ளே போனாயா?

நீ நல்ல பிள்ளை. சம்பளம் வந்ததும் தங்கச்சி பீஸைக் கட்டினவன் நீ. இங்கே யார் கேட்டாலும் என் மகனைப் போல உண்டா என்றுதான் சொல்கிறேன். சின்னவன் எந்த ஓய்வுநாள் பள்ளிக்குப் போகிறான் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறேன். எனக்கு அப்படி மாற்றத் தெரியாது, முகத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று ராத்திரி நிறுத்திவிட்டேன். தூக்கம் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்.

உனக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளிக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் நீ தேவதூதன். லூக்கா 2:10, 11. வீட்டில் நூறு தரம் சரியாகச் சொன்னாய். மேடையில் "பயப்படாதிருங்கள், இதோ," என்றதும் நின்றுவிட்டது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகள் மறந்தபோதெல்லாம் அடி எடுத்துக்கொடுத்தேன். உனக்குக் கொடுக்கவில்லை. முறைத்துப் பார்த்தேன். முருகன்குறிச்சி ரோட்டில் நடந்து வரும்போது கையைக் கிள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டைச் சிறகோடு முழங்காலில் நிறுத்தி, முழு வசனமும் சொன்னால்தான் சாப்பாடு என்றேன். உனக்கு நாக்கு எழவில்லை. அப்பாதான் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் நீ மேடை ஏறவில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொன்னேன். டீச்சர் பிள்ளையே மறந்துவிட்டான் என்று ஊர் சொல்லுமே என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாக இருந்தது. பிறந்தவரை நான் நினைக்கவே இல்லை. மரத்தையும் சாக்லேட்டையும் பற்றி உன்னிடம் பேச வந்துவிட்டேன். எனக்கு அன்றைக்குக் கிறிஸ்மஸ் என்றால் மேடையும், 24-ஆம் தேதி ராத்திரி முழுக்க எண்ணெய்ச் சட்டியும்தான். அந்தக் களைப்பில் அதிகாலை ஆராதனையில் தூங்கியிருக்கிறேன். பயப்படாதிருங்கள் என்கிற வசனத்தை என் பிள்ளைக்குப் பயம் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். நீ கோயிலுக்குள் போகாமல் வெளியே நின்று படம் எடுப்பதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணமோ என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. நீ அதை மறந்திருக்கலாம். மறந்திருக்கமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். என்னை மன்னித்துக்கொள் ஐயா.

சின்னவனை எதையும் மனப்பாடம் பண்ணச் சொல்லாதே. கடைசிக் கதவைத் திறக்கிற அன்றைக்கு எனக்குப் போன் போடு. அந்த இரண்டு வசனத்தையும் நான் ஒரு தடவை சொல்கிறேன். அவன் சாக்லேட் தின்றுகொண்டே கேட்கட்டும். திருப்பிச் சொல்லச் சொல்லமாட்டேன்.

பார்சலில் முந்திரிக்கொத்து வைத்திருக்கிறேன். கருப்பட்டி போட்டது, மருமகளுக்குப் பிடிக்குமோ என்னவோ. டப்பாவுக்கு அடியில் உன் வெள்ளைச் சட்டை இருக்கிறது. உனக்கு ஆறாம் மாதம் கோயிலில் ஞானஸ்நானத்துக்குப் போட்டது. ஓரத்தில் இடையன்குடி லேஸ், ஆச்சி கொடுத்தது. சின்னவன் பிறந்தபோது துவைத்து மடித்து வைத்தேன். இப்போது அவனுக்குக் கையே நுழையாது. மருமகளிடம் காட்டு.

அவனுக்குத் தோள் அகலமும் உயரமும் அளந்து எழுது. வெள்ளைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புள்ள,
அம்மா