செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: ஹைட்ராக்சில் தேடல்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் வான்நோக்கு இரவுகளும் வழக்கம்போல் நடந்தன. ஆண்டின் பெரும்பகுதி ஹைட்ராக்சில் மூலக்கூறுக்கே (ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு) போயிற்று. விண்மீனிடை வெளியில் ரேடியோ அலையால் முதலில் பிடிபட்ட மூலக்கூறு இது (1963, அமெரிக்காவின் மில்ஸ்டோன் ஹில் ஆய்வகம்). மூலக்கூறு ரேடியோ அலையை வெளியிடும் அல்லது உறிஞ்சும் குறிப்பிட்ட அதிர்வெண்களைக் 'கோடுகள்' என்கிறோம்; இதன் முதன்மைக் கோடுகள் 1665, 1667 மெகாஹெர்ட்ஸில் உள்ளன.

கேபிள் டி.வி.க்காரர்கள் கழித்துவிட்ட 12 அடி வலை டிஷ்ஷே நமது தொலைநோக்கி. இந்தக் கோடுகளின் 18 செ.மீ. அலைக்கு, கண் 1.8 செ.மீ.க்குள் உள்ள வலை போதும். தகராறு, டிஷ் குவிக்கும் அலையை வாங்கிக்கொள்ளும் ஃபீடு குழாயில்தான். 13 செ.மீ. விட்டக் குழாயில், மூடிய அடியிலிருந்து 4.5 செ.மீ. தள்ளி, சிக்னலை எடுக்கும் கம்பியைப் பொருத்தினால் சிக்னல் தேறாது. அது வெட்டவெளி அலைநீளத்தின் கால்பங்கு. குழாய்க்குள் அலைநீளம் 30.8 செ.மீ. ஆக நீண்டுவிடுவதால் இடைவெளி 7.7 செ.மீ. இருக்க வேண்டும். கம்பியின் நீளம் மட்டும் 4.3 செ.மீ. அளவில் இருக்கட்டும், கடைசி மில்லிமீட்டர்களை அளந்து பார்த்தே நறுக்க வேண்டும்.

எந்த இலக்கைப் பார்ப்பது? விண்மீன்கள் பிறக்கும் மேகங்களில், வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் டபிள்யூ 3, நமது 11 டிகிரி அட்சரேகையில் உச்சத்திலும் 39 டிகிரிதான் ஏறும்; தரையின் வெப்ப இரைச்சல் ஓரமாகப் புகும். திருவோண விண்மீனுக்கு மேற்கே 10 டிகிரியில் உள்ள டபிள்யூ 49 ஏறத்தாழ தலைக்கு நேரே வருகிறது. நமக்கு அதுவே தோது.

திரையில் கோடு தெரிந்ததும் கைதட்ட வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கி.மீ. ஓடுவதால், வானிலிருந்து வரும் உண்மைக் கோட்டின் அதிர்வெண் மாதத்துக்கு மாதம் சற்றே மாறும். ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் நிற்பது யாரோ வீட்டு அடாப்டரின் இரைச்சல்.

தொலைதூர மூலக்கூறுகள் பற்றிக் கேட்டவர்களுக்கு: தனுசுவில் உள்ள பி.கே.எஸ். 1830-211 என்ற குவேசாருக்கு (மிகத் தொலைவில் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையம்) முன்னே ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதன் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிவதால் அலை நீண்டுபோகும் அளவு, 0.886. அங்கிருந்து 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வரும் 1667 கோடு, 1.886 ஆல் வகுபட்டு 884 மெகாஹெர்ட்ஸில் வந்து விழுகிறது. நம் ஊர் செல்போன் கோபுரங்கள் ஒலிபரப்பும் 869-894 பட்டைக்குள்ளேயே! டிஷ்ஷை எத்தனை பெரிதாக்கினாலும் ஊருக்குள் அது கிடைக்காது.

ஆகவே பெரிய டிஷ் கேட்கும் தீர்மானத்தைத் தள்ளிவைத்து, வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் விட்டுக் கோபுர அலைகளைத் தடுக்கும் கேவிட்டி வடிகட்டி ஒன்று வாங்கப் பரிந்துரைக்கிறேன். இரைச்சலை வெப்பநிலையாகக் கெல்வினில் சொல்வது வழக்கம்: சிக்னலைப் பெருக்கும் முதல் பெருக்கிக்கு முன்னே 1 டெசிபெல் இழப்புள்ள மலிவு வடிகட்டி 75 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும், 0.3 டெசிபெல் இழப்புள்ளது 21 கெல்வின்தான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்