ஹைட்ரஜனுக்கும் ஓர் ஐந்தொகை போடுங்கள்: சிக்ரி விஞ்ஞானிகளுக்குத் திறந்த மடல்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் (சிக்ரி) விஞ்ஞானிகளுக்கு வணக்கம்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிப்பவன். "தண்ணீரில் ஓடும் கார் வந்துவிட்டதாமே, சார்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கேட்கிறார்கள். தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனில் ஓடும் காரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேட்டரி கார் வாங்க எடுத்துவைத்த பணத்தை அப்படியே நிறுத்திக்கொண்டு, ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று காத்திருப்பவர்களையும் அறிவேன். கைப்பேசிக் காணொளிகள் அவர்களுக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சரியான பதில் உங்களிடமிருந்து, தமிழில், இந்த ஊர் மக்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி எழுந்த நிறுவனம் இது. 2020 அக்டோபரில், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும், உள்நாட்டிலேயே உருவாக்கிய எரிபொருள் மின்கலத்தோடு புனேயில் ஒரு கார் சோதனையாக ஓடியது. அதற்குப் பின்னே உங்கள் உழைப்பும் இருந்ததில் எங்களுக்கு அளவற்ற பெருமை. அந்தப் பெருமையோடுதான் கேட்கிறேன்: இந்தக் கார் நமக்குத் தேவைதானா?

வரவையும் செலவையும் எழுதி ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் எந்தத் தொழிலிலும் பணம் இறக்காத சீமை இது. ஹைட்ரஜனுக்கும் அதைச் செய்துபார்த்தேன். ஆக்சிஜனோடு சேர்ந்து தன் ஆற்றலை விட்டுவிட்ட ஹைட்ரஜன்தான் தண்ணீர். அதை மீண்டும் பிரிக்க, விட்டதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகிறது. டொயோட்டா மிராய் போன்ற ஹைட்ரஜன் கார் அந்த ஒரு கிலோவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேரலாம். திரும்பி வர இன்னொரு கிலோ வேண்டும். அதே 50 யூனிட்டை நேரே பேட்டரி காரில் ஏற்றினால், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 300 கிலோமீட்டர். மதுரை போய், வீடு திரும்பி, மறுபடியும் மதுரை போகலாம். காரின் கலனில் அடைக்க ஹைட்ரஜனை 700 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் செலவை இதில் நான் சேர்க்கவேயில்லை.

தண்ணீருக்கு எங்கே போவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குள் போகும் நீர் 9 லிட்டர்தான். சுத்திகரிப்பில் கழிவது தனி. கண்மாயை நம்பி வாழும் இந்த வறண்ட பூமியில்கூடப் பெரிய தடை மின்சாரமே. அந்த மின்சாரம் வேண்டாம் என்று இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால், கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயு ஆலையில் வெளியேறும். காரின் பின்னால் வெறும் நீராவி வருவதைக் காட்டி அதைச் சுத்தம் என்பது ஏமாற்று.

மிராய் ஜப்பானில் 2014 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஹைட்ரஜன் காருக்கு அத்தனை ஆதரவு தந்த கலிபோர்னியாவிலேயே, ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் நிரப்பு நிலையங்களை 2024இல் மூடியது. கார் இல்லாததால் நிலையம் இல்லை. நிலையம் இல்லாததால் கார் இல்லை. பேட்டரி காருக்கு இந்தச் சிக்கல் குறைவு, வீட்டு மின்இணைப்பே போதும்.

எத்தனாலையும் மாற்று எரிபொருள் என்கிறார்கள். கரும்பையும் அரிசியையும் எரிபொருளுக்குத் திருப்புவதில், மழை பொய்த்தால் நாற்றங்கால் காயும் மாவட்டத்தில் வாழும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் ஹைட்ரஜனை நான் வெறுப்பவன் அல்லன். எங்கள் வயல்களுக்குப் போகும் யூரியாவின் மூலப்பொருள் அம்மோனியா. அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது; இங்கே பேட்டரி எந்த உதவியும் செய்யாது. இரும்புத் தாதுவிலிருந்து எஃகு செய்வதிலும் கடல் கடந்து போகும் கப்பலிலும் பேட்டரியால் பெரிதாக உதவ முடியாது. உர ஆலையும் துறைமுகமும் அருகருகே உள்ள தூத்துக்குடி அதற்கு ஏற்ற இடம்; அங்குள்ள துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் (சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் எடுக்கும் ஹைட்ரஜன்) மையங்களில் ஒன்றாக ஒன்றிய அரசு தேர்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் அங்கே போகட்டும். மின்னாற்பகுப்புக் கருவியில் விலையுயர்ந்த உலோகங்களைக் குறைப்பதும் மின்சாரம் வீணாவதைக் குறைப்பதும் உங்கள் துறையின் வேலை. அந்த 50 யூனிட்டில் நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் உரத்தின் விலையில் தெரியும். லாரியையும் நெடுந்தூரப் பேருந்தையும் பற்றி இன்னும் வாதம் ஓய்வில்லாமல் நடக்கிறது. அதில் உங்கள் தீர்ப்பைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

என் வேண்டுகோள் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் பொதுக்கூட்டம் வையுங்கள். கார் வாங்கப் போகிறவர், மெக்கானிக், விவசாயி, பிளஸ் டூ மாணவர் எல்லாரும் வரட்டும். பேட்டரி எங்கே, ஹைட்ரஜன் எங்கே என்று தமிழில், எண்களோடு சொல்லுங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். பக்கத்துப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு உங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் எரிபொருள் மின்கலத்தைக் கழற்றிக் காட்டுங்கள். மற்றதை வகுப்பறையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூட்டத்துக்கு இடமும் நாற்காலியும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். தேதி மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
காரைக்குடி