சாயங்காலம் லேபைத் திறந்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாங்கள் படிக்கும் பொறியியல் கல்லூரியின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஏழரை வரை கன்ட்ரோல் லேபைத் திறந்துவைக்கக் கேட்டு நாங்கள் கொடுத்த மனு, 'கம்ப்யூட்டர் சிமுலேஷனே போதும்' என்ற ஒற்றை வரியோடு போன வாரம் திரும்பி வந்தது. எங்கள் புராஜெக்ட் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் ரிவ்யூவில் கைதட்டியவர்களே நீங்கள்தான்.

மூன்று செயற்கைக்கோள் மாடல்கள்; ஒவ்வொன்றும் ஒரு மோட்டார், அதன் மேல் சோலார் பேனலுக்குப் பதிலாக நீளமான மெல்லிய அலுமினியத் தகடு. மூன்றும் வைஃபையில் பேசிக்கொண்டு ஒரே கோணத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பியதும் தகடு ஆடும்; அந்த ஆட்டம் அடிப்பாகத்தையும் அசைக்கும். பக்கத்து மாடல் அதை நிஜத் திருப்பம் என்று நம்பித் தானும் திரும்பும். தகவல் போய்ச் சேரத் தாமதமானால் ஆட்டம் மூன்றுக்கும் தொற்றிக்கொள்ளும். விண்வெளியிலோ அதைத் தணிக்கக் காற்றும் கிடையாது. எனவே தகட்டின் இயல்பான அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை, அளந்து, அதைத் தூண்டாதபடி மோட்டாருக்குக் கட்டளை அனுப்ப வேண்டும்.

அளக்கத்தான் முடியவில்லை. பகல் முழுக்க அதே லேபில் இரண்டாம் ஆண்டு வகுப்பு. இந்த வெயிலில் அவர்களை உட்காரவைத்துவிட்டு ஃபேனை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. ஃபேன் ஓடினால் தகடு தானாக நடுங்குகிறது. கிராஃபில் தெரிவது எங்கள் கன்ட்ரோலரின் குறையா, ஃபேன் காற்றா என்று பிரிக்க வழியில்லை. வகுப்பு முடிந்து ஃபேனை அணைத்தால் நாலரைக்கு பஸ் ஹாரன், லேபுக்குப் பூட்டு. சிமுலேஷனில் தகடு நாங்கள் எழுதிக்கொடுத்தபடிதானே ஐயா ஆடும்?

இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் விண்வெளியில் இணைந்ததற்கு வாசலில் பேனர் வைத்தீர்கள். அவற்றை 2025 ஜனவரி 12 அன்று 3 மீட்டர் வரை நெருங்கவிட்டு, மறுபடி பின்னால் நகர்த்தி, தரவுகளை அலசிவிட்டுத்தான் 16ஆம் தேதி இணைத்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் கிளம்பிவிடவில்லை. பேனரில் செயற்கைக்கோளைவிடத் தாளாளர் படம்தான் பெரிது என்பது வேறு விஷயம். ஓசூர் கம்பெனிகள் ஆளெடுக்க வந்தால் மட்டும் இரவு வரை எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது.

போகட்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஏழரை வரை லேப். பொறுப்பாசிரியர் கூடவே இருக்கச் சம்மதித்துவிட்டார். ராயக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கம் போகிறவர்கள் கவர்மென்ட் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். மாணவிகள் ஆறு மணிக்கு மேலும் லேபில் இருக்க அனுமதிக்கச் சொல்லி விடுதி வார்டனுக்கும் ஒரு கடிதம் வேண்டும். கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதியவர்களே அந்த மாணவிகள்தான். தயவுசெய்து இறுதி ரிவ்யூவுக்கு முன்பாவது அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவ மாணவியர்